ஜாக்கி நிற்கவில்லையா? தோல் வாசரைக் கடைசியில் சந்தேகியுங்கள்

ஏப்ரல் 15 வந்தால் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருடம் முழுவதும் தள்ளிப்போட்ட மராமத்து எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் பட்டறை வாசலுக்கு வந்து சேரும். வளைந்த புரொப்பல்லர் ஷாஃப்ட், தேய்ந்த கன்மெட்டல் புஷ், ஷாஃப்ட்டோடு ஒட்டிப்போன பேரிங் என்று வரிசை கட்டி நிற்கும். மூலையில் கிடக்கும், கையால் அடிக்கும் பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும் ஜாக்கிக்கும் நோய் வருவதும் அப்போதுதான். பத்து மாதம் தூங்கிய சாமானை எழுப்பி ஒரே நாளில் முப்பது டன் தள்ளச் சொன்னால் அது வேறென்ன செய்யும்?

எண்ணெய் ஒழுகினாலும் சரி, பாரம் நிற்காவிட்டாலும் சரி, பட்டறையில் எல்லோர் வாயிலும் வருவது ஒரே தீர்ப்பு: "வாசர் போய்விட்டது." நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வாசர் நன்றாகவே இருக்கும். குறை வேறிடத்தில் இருக்கும், அல்லது வாசர் காய்ந்திருக்கும். காய்ந்த வாசர் வேறு, கெட்ட வாசர் வேறு.

தோல் எப்படி எண்ணெயைப் பிடிக்கிறது என்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பம்பு ஸ்டவ்வில் காற்று ஏறாவிட்டால் வீட்டில் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? தண்டை உருவி, கிண்ணம் போன்ற தோல் வாசரின் விளிம்பை விரலால் விரித்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திரும்பச் செருகினார்கள். சைக்கிள் பம்புக்கும் அதே வைத்தியம். பிரஸ்ஸில் இருக்கும் தோலும் அதே கிண்ணம்தான். உள்ளே அழுத்தம் ஏற ஏற விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டும். 1795-இல் ஜோசப் பிரமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியபோது, பாரத்தைத் தள்ளும் தண்டான ராமைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சுவதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோல் வளையம் போட்டு அதைத் தீர்த்தார் என்று சொல்வார்கள். அழுத்தம் இல்லாதபோது தளர்ந்து நிற்கும், அழுத்தம் வந்தால் தானே இறுகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ராம் 100 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 78.5 சதுர சென்டிமீட்டர். முப்பது டன் தள்ளும்போது உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 380 கிலோ அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஊசித்துளையில் இருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எறும்பு கடித்த அளவு காயம்தானே என்று விட்டுவிடவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜாக்கியில் நிற்கும் பாரத்துக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கையை நீட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடி வெறுமனே ஓடுகிறது, ராம் அசையவில்லை

ராமை இறக்குவதற்குத் திறக்கும் ரிலீஸ் வால்வு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, உச்சிப்புளியில் இருந்து வேன் வைத்து ஒரு ஜாக்கியைக் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணே, இது செத்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். வால்வை அரைச்சுற்று மூடினேன், ஏறியது. வேன் வாடகை அவருக்கு, ஒரு டீ எனக்கு.

அடுத்தது எண்ணெய் மட்டம். ராம் முழுவதும் இறங்கியிருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். ஏறி நிற்கும்போது ஊற்றி நிரப்பினால் இறங்கும்போது மூடி வழியாகப் பொங்கும். 32 என்று எண் போட்ட ஹைட்ராலிக் ஆயில் போதும். இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் உள்ள சோப்புச் சரக்கு ஈரத்தைப் பிரியவிடாமல் தன்னோடே வைத்துக்கொள்ளும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம். அது மினரல் ஆயிலோடு கலக்காது, ஈரத்தை இழுக்கும், பெயின்ட்டையும் உரிக்கும். பெயரிலேயே ஆயில் இருக்கிறதே என்று யாரோ ஊற்றிவைத்த ஒரு டிராலி ஜாக்கியைத் திறந்தபோது உள்ளே தோல் அப்பளம்போல் விறைத்துக் கிடந்தது.

மட்டமும் வால்வும் சரி, இன்னும் ஏறவில்லையா? ஸ்பேனரை எடுக்காதீர்கள். கைப்பிடியோடு ஏறி இறங்கும் பம்புத் தண்டின், அதாவது பிளஞ்சரின், தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெய் நிரப்பி, ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு, கைப்பிடியை இருபது முப்பது தடவை அடியுங்கள். மூடியைத் தளர்த்திவையுங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறட்டும். அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் வால்வை மூடி அடித்துப் பாருங்கள். தோல் எண்ணெய் குடித்து உப்பியிருந்தால் ராம் கிளம்பிவிடும். பையன்களுக்கு இந்த ஒரு நாள் பொறுமை இருப்பதில்லை. சம்மாட்டி வாசலில் நின்று அவசரப்படுத்துவார், பிரித்துவிடுவார்கள். காய்ந்த தோலை இழுத்துப் பிரித்தால் விளிம்பு கிழியும். அதுவரை நன்றாக இருந்த வாசர் அப்போது நிஜமாகவே போய்விடும்.

ஒரு நாள் ஊறியும் பலனில்லை என்றால் பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் வால்வாக இருக்கும் சின்னப் பந்து ஒட்டியிருக்கும். பழைய எண்ணெய் பிசினாகி, பந்தை அது உட்காரும் சீட்டோடு பிடித்துக்கொள்ளும். பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உலோகத்தை மட்டும்தான் கழுவ வேண்டும். தோலை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ போட்டால் ஊறியிருக்கும் எண்ணெயையெல்லாம் அது உருவி எடுத்துவிடும்.

ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

இங்கேதான் வாசர் மீது அதிகமாகப் பழி விழுகிறது. பாரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு, கைப்பிடியை விட்டுவிட்டு, சும்மா நின்று பாருங்கள்.

கைப்பிடி தானாகவே மேலே எழும்பினால், தள்ளும் பக்கத்துப் பந்து தன் சீட்டில் சரியாக உட்காரவில்லை. ராமுக்குப் போன எண்ணெய் திரும்பிவந்து பம்பைத் தள்ளுகிறது. கைப்பிடி அசையாமல், வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் ராம் மட்டும் இறங்கினால் முதலில் ரிலீஸ் வால்வைப் பிடியுங்கள். ராமின் தலைப்பக்கம், அது உடம்பை விட்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் வழிந்துகொண்டே இறங்கினால் மட்டும்தான் வாசர்மேல் வழக்குப் போடலாம்.

பந்துச் சீட்டைச் சரி செய்வது பத்து நிமிட வேலை. பந்தையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, டார்ச் அடித்துச் சீட்டைப் பாருங்கள். முடி அகலத்துக்கு ஒரு பளபளப்பான வட்டம் தெரியும். வட்டம் முழுதாக இருந்தால் நல்லது. எங்காவது அறுந்திருந்தால் அங்கே துருப்புள்ளியோ உலோகத்தூளோ உட்கார்ந்த தடம் இருக்கும். சுத்தமாகத் துடைத்து, பழைய பந்தையே சீட்டில் வைத்து, அதன்மேல் பித்தளைத் தண்டை நேராக நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. தேங்காய் உடைப்பதுபோல் அடிக்கக் கூடாது. கதவைத் தட்டும் அளவுக்குப் போதும். புது வட்டம் பதிந்திருக்கும். அந்தப் பந்தைத் தூர எறிந்துவிட்டுப் புதுப்பந்து போடுங்கள். தட்டு வாங்கிய பந்து உருண்டை கெட்டிருக்கும்.

புதுப்பந்து வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பிரஸ்கள் பல அங்குலக் கணக்கில் செய்தவை. கால் அங்குலப் பந்து 6.35 மில்லிமீட்டர். கடையில் "கிட்டத்தட்ட இதுதான்" என்று 6 மில்லிமீட்டரை நீட்டுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சீட்டுக்குத் தெரியும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். போட்டபின் பந்துக்கு மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே காகிதத் துண்டு வைத்துப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் வேலை முடிந்தது.

ரிலீஸ் வால்வில் வேறு கதை. கையால் மூடவேண்டியதை ஸ்பேனர் போட்டு, அதற்குமேல் குழாயும் செருகி முறுக்கியிருப்பார்கள். கூம்பின் முனையில் பள்ளம் விழுந்திருக்கும். லேத்தில் பிடித்து முனையை லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். அடுத்தமுறை முறுக்கும் கையை எப்படித் தேய்ப்பது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ராமைச் சுற்றி எண்ணெய் வருகிறது

ராமின்மேல் மெல்லிய எண்ணெய்ப்படலம் இருந்தால் அது கசிவல்ல. தோல் தனக்கான எண்ணெயைத் தானே பூசிக்கொள்கிறது. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அப்போதும் முதலில் ராமைத்தான் பாருங்கள். பாரத்தையும் அழுத்தத்தையும் எடுத்துவிட்டு, ராமின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அங்கே துருக்குழி. இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று சோதிப்பதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் தேடி வந்த உப்புக்காற்றுக்குத்தான் நாம் ராமைத் தூக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்ளும்.

மேலோட்டமான துருவை 400 எமரித்தாளில் எண்ணெய் தொட்டு, பிறகு 600-இல், ராமைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுக்கலாம். நீளவாக்கில் தேய்க்காதீர்கள், ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு வாய்க்கால். தோல் ஓடும் தூரத்துக்குள் நகம் விழும் அளவுக் குழி இருந்தால், ராமைக் கழற்றி ஹார்டு குரோம் போட்டுப் பழைய அளவுக்கு கிரைண்ட் செய்து வாங்குவதுதான் நிரந்தர வழி. செலவு பிடிக்கும். சின்னக் குழி ஒன்றிரண்டு என்றால் சுத்தம் செய்து எபாக்சி அடைத்துத் தேய்த்துவிட்டும் ஓட்டலாம். நான் ஓட்டியிருக்கிறேன்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோலெல்லாம் பழங்காலம் என்று நினைத்து, ஒரு தடைக்காலத்தில் பிரஸ்ஸின் கப் வாசரைக் கழற்றிவிட்டு அதே அளவு ரப்பர் கப் போட்டேன். முதல் நாள் ஒரு சொட்டுக் கசிவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரத்தில் எண்ணெயில் கறுப்புத் துணுக்குகள் மிதந்தன. சிலிண்டர் சுவரில் இருந்த குழிகளின் ஓரம் ரப்பரைத் துருவிபோல் சீவித் தள்ளியிருந்தது. புதிதாகக் கடைந்து ஹோன் செய்த வழவழப்பான சிலிண்டரில் ரப்பர் தோலைவிட நன்றாகவே வேலை செய்யும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயதான சிலிண்டரின் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கத் தோலுக்குத்தான் தெரியும்.

தோல் நிஜமாகவே கிழிந்திருந்தால், புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம். கஷ்டம் ஒன்றுமில்லை, நாள்தான் பிடிக்கும்.

குரோம் பதனிட்ட தோல் வேண்டாம், பட்டை பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கேட்டால் கிடைக்கும். செருப்பு அடித்தோல் விற்கும் கடையில் கேட்டாலும் போதும். சந்தேகம் இருந்தால் ஓரத்தைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல், வெட்டுவாய் நீலச்சாம்பலாக இருந்தால் குரோம். குரோம் தோல் அச்சில் வைத்த வடிவத்தில் நிற்காது, பழைய உருவத்துக்கே திரும்பப் பார்க்கும். மாட்டின் முதுகுப் பகுதியில் இருந்து ஒரு நூல் தடிமன், அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஒரே சீராக உள்ள துண்டாகக் கேளுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் ஒரு பக்கம் இழுபடும், ஒரு பக்கம் நிற்கும்.

சிலிண்டர் 75 மில்லிமீட்டர், கிண்ணத்தின் உயரம் 15 என்று வைத்துக்கொள்வோம். அடிவிட்டத்தோடு இரண்டு பக்கச் சுவரையும் கூட்டினால் 105. அந்த விட்டத்தில் வட்டம் வெட்டுங்கள். அச்சுக்கு உள்விட்டம் 75 உள்ள ஒரு வளையமும், தோலின் தடிமனை இரண்டு பக்கமும் கழித்து 69 விட்டத்தில் ஒரு குமிழும் வேண்டும். லேத்தில் இரும்பில் கடையலாம். ஒன்றிரண்டு வாசருக்குக் கருவேலங்கட்டை போதும். குமிழின் ஓரத்தை உருட்டிவிட மறக்காதீர்கள், கூரிய ஓரம் தோலை அந்த மடிப்பிலேயே வெட்டும்.

வட்டத்தைத் தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடுங்கள். நல்ல தண்ணீர் வேண்டும். குடம் விலை கொடுத்து வாங்கும் ஊர்தான், ஆனாலும் இதற்கு அரைக்குடம் ஒதுக்குங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு தோலுக்குள் தங்கி, பிறகு அதுவே ராமைத் தின்னும். வெந்நீரும் ஆகாது. ஈரத்தோல் சூடு பட்டால் சுருங்கிக் கொம்புபோல் ஆகிவிடும், அதை எதனாலும் மீட்க முடியாது. ஊறிய தோலை வளையத்தின்மேல் வைத்து, குமிழை வைஸில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். அரைச்சுற்று திருகி ஒரு நிமிடம் நில்லுங்கள், தண்ணீர் கசிந்து வெளியேறட்டும், மறுபடி அரைச்சுற்று. அவசரப்பட்டால் மடிப்பில் சுருக்கம் விழும்; சுருக்கம் விழுந்த இடத்தில் அது என்றைக்கும் கசியும். அச்சோடு நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். கடற்கரை ஈரத்தில் மூன்று நான்கு நாள் ஆகும்.

காய்ந்ததும் எடுத்து விளிம்பைச் சமமாக வெட்டி, உட்பக்கமாகச் சரித்துச் சீவுங்கள். மெல்லிய ஓரம் சுவரைத் தொட்டு நிற்க வேண்டும். நடுத்துளை போட்டு, பிரஸ்ஸில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். விளக்கெண்ணெய் போட்டால் தோல் பூப்போல ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தனித்தோலுக்கு அது உண்மைதான். ஆனால் விளக்கெண்ணெய் மினரல் ஆயிலோடு சேராது, நாள்பட்டால் பிசினாகிப் பந்துகளைப் பிடிக்கும்.

பொருத்தும்போது கிண்ணத்தின் வாய் எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். சிலிண்டர் வாயில் மரை இருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து, அதன்வழியே தோலை வழுக்கி இறக்குங்கள். நடு நட்டை இறுக்குவதில்தான் கை நிதானம் தெரியும். தோல் அசையாமல் பிடித்தால் போதும். உயிரை விட்டு முறுக்கினால் அடிப்பகுதி நசுங்கி வெளியே பிதுங்கி, சுவரை உரசும்.

ராமின் கழுத்தில் ப வடிவ வளையத்தோல் இருக்கும் பிரஸ்களில், அந்த வாய்க்குள் ஒரு நிரப்பு இருக்க வேண்டும். பித்தளை வளையமோ சணல் கயிறோ ஆகலாம். பட்டறையில் எட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று நைலான் வலைக்கயிற்றைச் சுற்றாதீர்கள்; அது எண்ணெய் குடிக்காது.

ஏறியது இறங்க மறுக்கிறது

புதுத்தோல் போட்ட மறுநாள் இது வந்தால் தோல் தடிமன் அதிகம், அல்லது நட்டை அளவுக்குமேல் முறுக்கியிருக்கிறீர்கள். பழைய தோல் திடீரென்று இறுகினால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்து தோல் ஊதியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ராம் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் நிமிர்த்தும்போது பாரத்தை ஓரத்தில் கொடுத்துப் பழகியவர்களின் பிரஸ்ஸில் அது சகஜம். இறங்காத ராமைச் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டாம்.

அழுத்தினால் பஞ்சுபோல் இருக்கிறது

காற்று. ரிலீஸ் வால்வைத் திறந்து, மூடியைத் தளர்த்தி, ராம் அடியில் இருக்கும்போது நிறைய தடவை அடியுங்கள், முடிந்தது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அது தண்ணீர். இரண்டு சொட்டைச் சூடான தகட்டில் விடுங்கள். தாளிக்கும்போது கடுகு பொரிவதுபோல் படபடத்தால் சந்தேகமே இல்லை. வடிகட்டி மீட்கப் பார்க்காமல் கொட்டிவிட்டு, தொட்டியைத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றுங்கள். கொட்டுவதென்றால் கடற்கரை மணலில் அல்ல, டின்னில்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் நாளே முழுப் பாரம் கொடுக்காதீர்கள். கால் பங்கு பாரத்தில் சில தடவை ஏற்றி இறக்குங்கள், பிறகு பாதி. பாதிப் பாரத்தில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து, ஆனால் கட்டையில் பாரம் உட்காராமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, ராம் உடம்பைச் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். கோடு ஒரு நூல் இறங்கியிருந்தால் எனக்கு அது போதும். பழைய தோலுக்கு அவ்வளவு மன்னிப்பு உண்டு. அதற்குமேல் இறங்கியிருந்தால், கைப்பிடி எழும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.